வாங்கிக்கொண்டேன்

ஒரு மனிதனின் தலைக்குள் ஒரே நாளில் எவ்வளவு குப்பை விழுகிறது என்று உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் அதைத் தின்று பிழைத்தவள்.

என் பெயர் பொற்கொடி. தரமணியில் இருக்கும் தெளிவகத்தில் ஏற்பாளராக வேலை பார்த்தேன். ஏற்பாளர் என்பது அடையாள அட்டையில் போட்ட பெயர். ஊர் வைத்த பெயர் குப்பைத்தொட்டி. அதற்கு முன்னால் ஒரு வங்கியின் புகார்ப் பிரிவில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஊரார் திட்டையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். யார் என்ன திட்டினாலும் சாயங்காலம் வீட்டுக்குப் போய் நெத்திலிக் குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விட்டுத் தூங்குவேன். அந்தத் தடித்த தோலுக்காகத்தான் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள்.

முதல் நாள் எனக்கு விளக்கம் சொன்னவன் நிர்மல். எங்கள் சூப்பர்வைசர், என்னைவிடப் பத்து வயது சின்னவன்.

"ரொம்ப சிம்பிள்க்கா. ஜனங்களுக்கு மண்டை நிறைஞ்சு போச்சு. கண்ணு முழிச்சதுலேர்ந்து மெசேஜ், நியூஸ், வீடியோ, ஆஃபர், ஃபார்வர்டு. ஒரு விஷயத்தை உருப்படியா யோசிக்க முடியல. அதான் வேணாங்கறதை நாம எடுத்துடறோம். மனசு தெளிஞ்சிடும்."

"எடுத்து எங்க கொட்டுவீங்க?"

அவன் தலையைச் சொறிந்தான். "அங்கதான் சிக்கல். மெஷின்ல நிக்க மாட்டேங்குது. ஒரு தலையிலேர்ந்து கெளப்பினா இன்னொரு தலையிலதான் போய் உக்காருது. எங்கயும் உக்காரலேன்னா ராத்திரிக்குள்ள பழைய தலைக்கே திரும்பிடுது."

"அப்ப நாங்க என்ன, எச்சிப் படிக்கமா?"

"ஐயய்யே, அப்படியெல்லாம் பேசாதீங்கக்கா. இது சேவை."

சேவையாம். வாடிக்கையாளர்கள் உட்காரும் முன்னறையில் ஏ.சி., மல்லிகை வாசனை, லேசாகப் புல்லாங்குழல். நாங்கள் உட்காரும் பின்னறையில் ஜன்னல்கூடக் கிடையாது. அவர்கள் வருவது முன்வாசல் வழியாக, நாங்கள் நுழைவது ஜெனரேட்டர் இருக்கும் சந்து வழியாக. தண்ணீர் கேன்கூடத் தனி. யார் யாருக்குக் கொடுக்கிறார்கள் என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. கட்டாயப்படுத்தி ஏற்றக் கூடாது என்று சட்டம் இருந்ததால், மெஷினோடு இணைத்த பட்டையைத் தலையில் மாட்டியதும் நாங்கள் வாய்விட்டு 'வாங்கிக்கொண்டேன்' என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் குழாய் திறக்கும். தினமும் காலையில் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். என்ன வருகிறது என்று யார் கேட்டார்கள்?

முதலில் வந்ததெல்லாம் வெறும் சல்லி. தள்ளுபடி விளம்பரம், நடிகைக்கு விவாகரத்து, எலுமிச்சையில் சர்க்கரை நோய் ஓடிவிடும் என்ற பொய், குடும்ப குரூப்பில் வந்த குட்மார்னிங் ரோஜாக்கள். தலை விண்விண்ணென்று தெறிக்கும், அவ்வளவுதான். தூக்கத்தில் யாரோ ஒருவரின் ஓ.டி.பி.யைச் சத்தமாகச் சொல்கிறேன் என்று என் வீட்டுக்காரர் தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார்.

போகப் போக ஜனங்களுக்கு ருசி கண்டுவிட்டது. வேண்டாதது எது என்று தீர்மானிப்பது அவரவர்தானே? ஊரிலிருந்து அம்மா அழுதுகொண்டே பேசிய போன் வேண்டாதது. வீட்டு வேலைக்காரப் பெண் பிள்ளைக்கு ஆபரேஷன் என்று கையேந்தி நின்றது வேண்டாதது. மச்சினனை ஏமாற்றி எழுதி வாங்கிய மனை வேண்டாதது. பண்ணின அயோக்கியத்தனத்தை எல்லாம் விளம்பரத்தோடு விளம்பரமாகச் சுருட்டி என் தலையில் கொட்டிவிட்டு, அப்போதுதான் எண்ணெய் தேய்த்துக் குளித்த முகத்தோடு முன்வாசலில் இறங்கிப் போனார்கள். 'தலைமுழுகிட்டு வந்தேன்' என்றே எல்லோரும் சொல்ல ஆரம்பித்தார்கள். ஆயுத பூஜைக்குத் திருஷ்டி கழித்துப் பூசணிக்காயை நடுரோட்டில் உடைத்துவிட்டுப் போவார்களே, அந்த மாதிரி. அவர்கள் வீட்டுத் திருஷ்டி போய்விடும், வழுக்கி விழுந்து மண்டை உடைவது எவனோ பைக்கில் வருகிறவனுக்கு. நல்ல நாள், பெண் பார்க்கிற நாள், பரீட்சைக்கு முதல் நாள் என்றால் கூட்டம் தெருவரை நிற்கும். எனக்குக் குமட்டும். ஆனாலும் மாசம் பிறந்தால் சம்பளம் வருகிறதே என்று போய் உட்கார்ந்தேன், பொய் சொல்வானேன்.

ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன்னால் ஒருநாள் சிதம்பரநாதன் வந்தார். அவர் பெயர் என்ன என்பதெல்லாம் எனக்கு அவர் தலைக்குள் இருந்து வந்ததுதான். வீடு கட்டி விற்கிறவர். தாம்பரம் தாண்டி ஓர் ஏரியைத் தூர்த்துச் செண்பகவனம் என்று நாலு பிளாக் கட்டி விற்றிருந்தார்.

வழக்கம்போல் வாங்கிக்கொண்டேன் என்றேன். வழக்கம்போல் சல்லி வந்தது. அப்புறம் திடீரென்று நான் ஒரு கார் பார்க்கிங்கில் நின்றுகொண்டிருந்தேன். அவர் கண்ணால் பார்த்தேன். எதிரே ஒரு தூண். வயிறு உப்பினாற்போல் வெளியே தள்ளி, சிமென்ட் பொலபொலவென்று உதிர்ந்து, உள்ளே இருந்த கம்பி துருவேறி வளைந்திருந்தது. பக்கத்தில் ஓர் இன்ஜினியர் பையன்.

"சார், சி பிளாக்கை உடனே காலி பண்ணச் சொல்லணும் சார். கடல் மணலைப் போட்டிருக்காங்க. ரெண்டு நாள் நல்ல மழை பெய்ஞ்சா தாங்காது."

என் கை, அதாவது அவர் கை, அந்தப் பையனின் தோளைத் தட்டிக் கொடுத்தது. "பயப்படாதப்பா. நாளைக்கு நீயும் போய்த் தலைமுழுகிட்டு வா. கம்பெனி செலவு."

அதை மட்டும் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த நிமிஷம் அந்த ஆள் மனசில் இருந்ததும் சேர்ந்து வந்தது. பயம் இருக்கும் என்று நினைக்கிறீர்களா? பச்சாதாபம்? ஒரு மண்ணும் இல்லை. கொசு கடித்த எரிச்சல். அதுதான் இருந்தது. பட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பின்சந்துக்கு ஓடிப் போய் வாந்தி எடுத்தேன்.

நிர்மல் தண்ணீரோடு வந்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"அக்கா, என்கிட்டயே சொல்லக் கூடாதுக்கா. காண்ட்ராக்ட்ல இருக்கு."

"டேய், ஆளுங்க குடியிருக்காங்கடா அங்க!"

"அது அவரோட பர்சனல் மேட்டர்."

நான் சிதம்பரநாதனுக்கே போன் போட்டேன். நம்பர்தான் என் தலைக்குள்ளேயே இருந்ததே. சி பிளாக் தூணைப் பற்றிச் சொன்னேன். அந்த மனிதர் பதறவும் இல்லை, மழுப்பவும் இல்லை.

"யாரும்மா நீங்க? நான் கட்டின பில்டிங்கில அப்படி ஒண்ணு இருந்தா எனக்குத் தெரியாம இருக்குமா? கோயில் மாதிரிம்மா எனக்கு என் தொழில்."

நடிக்கவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. அவருக்கு நிஜமாகவே தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவர் அதை என் மண்டையில் மறைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு போய்விட்டார். இன்ஜினியர் பையனுக்கும் போட்டேன். அவனும் தலைமுழுகியிருந்தான். "செக் பண்ணிப் பார்த்தோம் மேடம், எல்லாம் ஸ்ட்ராங்கா இருக்கு," என்றான், சந்தோஷமாக.

ஞாயிற்றுக்கிழமை நேரே செண்பகவனத்துக்குப் போனேன். வேலை போனால் மயிராச்சு என்றுதான் போனேன்.

வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். குடியிருப்புக்குள் புதிதாகக் கட்டின பிள்ளையார் கோயிலுக்கு அடுத்த வாரம் கும்பாபிஷேகம். சங்கச் செயலாளர் நல்லசிவம் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சி பிளாக்காரர்கள் இருபது முப்பது பேர் சுற்றி நின்றார்கள். நான் எதையும் சுற்றி வளைக்கவில்லை.

"ஐயா, சி பிளாக் விழப்போகுது. கீழ பார்க்கிங்ல போய் அந்த மூலைத் தூணைப் பாருங்க. இன்னிக்கே காலி பண்ணுங்க."

"சிவ சிவா!" என்று அவர் காதைப் பொத்திக்கொண்டார். "கும்பாபிஷேகத்தை வெச்சுக்கிட்டு என்ன வார்த்தைம்மா சொல்றே? வாயைக் கழுவு முதல்ல."

"என் வாய் கிடக்கட்டும். தூணைப் பாருங்க."

"அந்தத் தூணுக்கு சிவில் வேலை நடக்குதுன்னு பில்டரே தகரம் வெச்சு மூடியிருக்கார். எல்லாம் முறையாத்தான் நடக்குது."

கூட்டத்தில் ஒருவர் சொன்னார், "இந்த மாதிரி மெசேஜ் தினம் நாலு வருது சார். எதிர்ல கட்டறானே, அவன் ஆள் வெச்சுப் பரப்புறான். ரேட்டு இறங்கணும்னு."

"ரேட்டு" என்ற வார்த்தை விழுந்ததும் அத்தனை முகமும் மாறிப் போனது. நான் யார், எதற்கு வந்தேன், எவ்வளவு வாங்கினேன் என்று ஆளாளுக்குக் குடைந்தார்கள். செவிடன் காதில் ஊதின சங்கு என்பார்கள். செவிடனாக இருந்தால்கூட வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வான். இவர்கள் கேட்டுவிட்டுத்தான் கேட்காத மாதிரி இருந்தார்கள்.

வாட்ச்மேன் என்னை வெளியே கொண்டுவந்து விட்ட பிறகு, ஒரு பெண் மட்டும் கேட்டைத் தாண்டி ஓடிவந்தாள். இடுப்பில் ஒன்றரை வயசுப் பையன். அவள் பெயர் தாரிணி, பையன் பெயர் ஆரூரன்.

"அக்கா, நிஜமாவா? எங்க வீடு சி பிளாக்ல மூணாவது மாடி. ராத்திரி செவுத்துல டக்கு டக்குன்னு சத்தம் கேக்குது. ஏ.சி. சத்தம்ங்கறார் என் வீட்டுக்காரர்."

"நிஜம்டி. இந்தப் பிள்ளை மேல சத்தியமாச் சொல்றேன். உங்க அம்மா வீடு எங்க?"

"காட்பாடி."

"கெளம்பிடு."

அவள் கண் கலங்கித் தலையாட்டினாள். பையன் என் மூக்குத்தியைப் பிடித்து இழுத்துச் சிரித்தான். ஒருத்தியாவது தப்பித்தாளே என்று பஸ்ஸில் திரும்பி வந்தேன். அவள் போய் நாலு வீட்டில் சொல்லுவாள், விஷயம் பரவிவிடும் என்று நம்பினேன்.

பரவத்தான் செய்தது. அதுதான் வினையாகிவிட்டது.

கும்பாபிஷேகத்துக்கு முதல் நாள் மத்தியானம். நாற்காலியில் உட்கார்ந்து பட்டையை மாட்டினேன். "இன்னிக்கு உங்களுக்கு ஒரு வேன் வந்திருக்குக்கா. குரூப் புக்கிங்," என்றான் நிர்மல். நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டேன் என்றேன்.

குழாய் திறந்ததும் என் முன்னால் ஒரு பொம்பளை நின்று கத்திக்கொண்டிருந்தாள். தலைமுடி கலைந்து, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, எச்சில் தெறிக்க. 'சி பிளாக் விழப்போகுது' என்றாள். யாரடா இந்தப் பிடாரி என்று அருவருப்பாக இருந்தது. அருவருப்பு நல்லசிவத்துடையது. பிடாரி நான்.

அடுத்த ஆள் தலையிலும் நான்தான் வந்தேன். அதற்கடுத்ததிலும் நான்தான். பக்கவாட்டிலிருந்து, முதுகுப் புறத்திலிருந்து, மேல்மாடி ஜன்னலிலிருந்து, எத்தனை பேர் பார்த்தார்களோ அத்தனை பொற்கொடி. நான் சொன்னது அவர்களுக்குள் நன்றாகவே இறங்கியிருந்தது. ஒருத்தர் பாக்கியில்லாமல் நாலு ராத்திரி தூங்காமல் புரண்டிருந்தார்கள். கும்பாபிஷேகம் நடக்கிற இடத்தில் இப்படி ஒரு அபசகுனம் மனசில் கிடக்கலாமா என்று நல்லசிவம்தான் யோசனை சொல்லி, வேன் பேசி, சங்கத்துச் செலவில் சி பிளாக் முழுவதையும் அழைத்து வந்திருந்தார். வாட்ச்மேனைக்கூட விடவில்லை. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

பட்டையைக் கழற்றி நிர்மல் சட்டையைப் பிடித்தேன்.

"எல்லாத்தையும் எனக்கு ஏன்டா ஏத்துனே?"

"அக்கா, ஒரே விஷயம் ஒரே தலையில போனா இடம் கம்மியாப் பிடிக்கும். அந்தத் தூண் மேட்டர் ஏற்கெனவே உங்ககிட்டதான இருக்கு? சிஸ்டமே அலாட் பண்ணிடும்."

"திருப்பி அனுப்பு! நான் வாங்கிக்கல!"

"வாங்கிக்கிட்டேன்னு சொன்னீங்களே. ரெக்கார்டு ஆகியிருக்கு. அவங்க வேன் ஏறிப் போயாச்சு."

ஆட்டோ பிடித்துப் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. கேட்டில் வாட்ச்மேன், முன்னே பின்னே பார்த்திராத மாதிரி, "யாரைப் பார்க்கணும்மா?" என்றான். உள்ளே குழாய் ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு காதைக் கிழித்தது. நல்லசிவம் பளபளவென்று இருந்தார். நான் வாயைத் திறந்ததுமே கையெடுத்துக் கும்பிட்டார்.

"அம்மா, நாளைக்கு நல்ல காரியம். எல்லாரும் இப்பதான் தலைமுழுகி மனசு சுத்தமா வந்திருக்கோம். நல்லதுன்னா சொல்லுங்க, மத்ததுன்னா வேண்டாம்."

விழப்போகுது விழப்போகுது என்று தொண்டை கிழியக் கத்தினேன். பாட்டுச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டு பேர் என் கையைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவே தாரிணி நின்றாள். அவளைப் பார்த்துக் கையை ஆட்டினேன். பஸ் ஸ்டாண்டில் அந்நியரைப் பார்ப்போமே, அப்படிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். அவள் இடுப்பிலிருந்த ஆரூரனுக்கு மட்டும் என்னை அடையாளம் தெரிந்தது. சின்னப் பிள்ளைகளைத் தெளிவகத்தில் உட்கார வைக்க மாட்டார்கள் இல்லையா? என் மூக்குத்தியைக் காட்டிக் காட்டி எதையோ சொன்னான். அவள் அவன் கையை மடக்கிக்கொண்டாள்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். ஏட்டய்யா போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். திரை முழுக்கச் செய்தி. "இன்னிக்கு மட்டும் ஊர்ல இத்தனை பில்டிங் விழப்போகுதாம், மூணு ஏரி உடையப் போகுதாம், பேய் ஒண்ணு வந்திருக்காம். எதுன்னு போய்ப் பார்க்கறது? நீங்களும் ஒரு மெசேஜ் போட்டுட்டுப் போங்கம்மா." போட்டேன். அவற்றை எல்லாம் நள்ளிரவில் இயந்திரமே அழித்துவிடும் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

ராத்திரி முழுக்க மழை அடித்து, காலையில் சற்று விட்டது. மனசு கேட்காமல் விடியும்போதே போய் எதிர்ச்சாரி டீக்கடையில் நின்றேன். கேட்டுக்குள் விடவில்லை. எல்லோரும் கோயில் முன்னால் கூடித் தலைக்குமேல் கை குவித்து நின்றார்கள். கலசத்தில் தண்ணீர் ஊற்றும்போது சி பிளாக் உட்கார்ந்தது. விழவில்லை, உட்கார்ந்தது. களைத்துப் போன ஆள் தரையில் உட்காருவது போல, அப்படியே. அப்புறம் புழுதி மட்டும்தான்.

பெரும்பாலானவர்கள் வெளியே இருந்ததால் தப்பித்தார்கள். உள்ளே இருந்தவர்கள் முடியாதவர்களும் தூங்கிக்கொண்டிருந்தவர்களும். ஆரூரனுக்கு ராத்திரியிலிருந்து காய்ச்சல். அப்பா அவனை மார்பில் போட்டுக்கொண்டு மூன்றாவது மாடியில் இருந்தார். தாரிணி தீர்த்தம் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று கீழே இறங்கி வந்திருக்கிறாள்.

அன்று சாயங்காலமே டி.வி.யில் நல்லசிவம் சொன்னார், "பிள்ளையார்தான் எங்களைக் காப்பாத்தினார்." சீ! அந்தப் பிள்ளையாருக்கு வாய் இருந்திருந்தால் காறித் துப்பியிருப்பார்.

விசாரணையைத் தாலுகா ஆபீஸ் கூட்ட அரங்கில் வைத்தார்கள். உண்மை பேசுகிறார்களா என்று பார்க்க ஒவ்வொருவர் தலையிலும் ஒரு பட்டை மாட்டினார்கள். நான் போனில் சொன்னதையும் சிதம்பரநாதனும் இன்ஜினியரும் மறுபடி போய்த் தலைமுழுகியிருந்தார்கள். சிதம்பரநாதனுக்குத் தெரியாது, பச்சை விளக்கு. இன்ஜினியருக்குத் தெரியாது, பச்சை. நல்லசிவத்துக்குத் தெரியாது, பச்சை. தூணைச் சுற்றி வைத்த தகரம் யார் சொல்லி வைத்தது என்பது யாருக்குமே தெரியாது. கேட் கேமராவில் நான் இரண்டு தடவை வந்துபோனது இருந்தது. கத்தியது தெரிந்தது, என்ன கத்தினேன் என்பது இல்லை. "ஏதோ பைத்தியம்னு நினைச்சிருப்போம் போல," என்றார் நல்லசிவம், பச்சை விளக்கோடு.

எனக்கு மாட்டினார்கள். "தூண் விஷயம் உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அந்த அரங்கில் தெரியும் என்று சொன்ன ஒரே ஆள் நான்தான். பாவம் ஒரு பக்கம், பழி ஒரு பக்கம் என்பதைக் கண்ணால் பார்த்தேன்.

விசாரணை அதிகாரி கொஞ்சம் வயசான அம்மாள். கெட்டவர் இல்லை. "சொன்னேன் என்கிறீர்களே, யாரிடம்?"

"இவங்க எல்லார்கிட்டயும்தாம்மா. கேட்டுட்டு அதையும் என் தலையிலயே கொண்டாந்து கொட்டிட்டாங்க. என் மண்டையைத் திறந்து பாருங்க."

"உங்கள் தலையில் இருக்கிறது என்பதுதான் உங்கள் மேல் குற்றமே. அது எப்படிச் சாட்சி ஆகும்? கொடுத்தவர் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு, ஆமாம், இது என்னுடையதுதான் என்று சொன்னால் ஆகும். ஒருவர் சொன்னால்கூடப் போதும், உங்களை விட்டுவிடலாம்."

சிதம்பரநாதனைக் கேட்டார்கள். அவருடைய வக்கீல் எழுந்து, மனநிம்மதி அடிப்படை உரிமை என்று ஏதேதோ சட்டப் பிரிவைச் சொன்னார். நல்லசிவத்தைக் கேட்டார்கள். "எனக்கு பி.பி. இருக்கும்மா," என்றார். மற்றவர்கள் என் கண்ணைப் பார்க்கவே இல்லை. உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாது, ஆனால் நல்லதாக இருக்காது என்று மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இத்தனை பேர் அசிங்கத்தையும் சுமந்திருக்கிறேன், ஒருத்தன் அவன் எச்சிலை அவனே வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறானே என்று உடம்பெல்லாம் எரிந்தது.

அப்போது தாரிணி எழுந்தாள். முடி வாரவில்லை. கையில் ஒரு துணிப்பை, சிமென்ட் புழுதி அப்பியிருந்தது.

"நான் வாங்கிக்கறேன்," என்றாள்.

அவள் என் முன்னால் வந்து நின்றாள்.

"இடிபாட்டுல இதைக் கண்டெடுத்துக் குடுத்தாங்க. ஆரூ சட்டை, பால் பாட்டில், காட்பாடிக்கு டிக்கெட். எல்லாம் நானே அடுக்கியிருக்கேன். எதுக்கு அடுக்கினேன்னு எனக்குத் தெரியல. பைத்தியம் பிடிக்குது எனக்கு. உங்ககிட்ட என்னோடது ஏதாவது இருக்கா? இருந்தா குடுத்துடுங்க."

இருந்தது. அன்றைக்கு வேனில் வந்த குப்பையிலேயே அவளுடையதுதான் கனம் அதிகம். பையைக் கட்டி வைத்துக்கொண்டு அவள் அழுதது இருந்தது. 'ஒரே ஒரு ராத்திரி தூங்கிட்டு, கும்பாபிஷேகம் முடிஞ்சதும் போயேன், ஊர் என்ன சொல்லும்' என்று புருஷன் கெஞ்சியது இருந்தது. நாலு நாள் தூங்காத கண்ணோடு வேனில் ஏறும்போது, போகாதே என்று அவள் உள்ளுக்குள் கத்தியதும், கத்திக்கொண்டே ஏறியதும் இருந்தது. அவள் மட்டும் ஏறாமல் இருந்திருந்தால் பிள்ளை காட்பாடியில் விளையாடிக்கொண்டிருப்பான். அதை அவளுக்குத் திருப்பிக் கொடுத்தால் எனக்கு விடுதலை. அவள் பாக்கி வாழ்நாளை நினைத்துப் பார்த்தேன்.

கொடுத்துவிடத்தான் நினைத்தேன். சத்தியமாக. வாய்வரைக்கும் வந்துவிட்டது.

"உன்னோடது ஒண்ணும் இல்ல," என்றேன்.

என் தலைமேல் சிவப்பு விளக்கு எரிந்தது. அதிகாரி அம்மாள் பார்த்தார். தாரிணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் விளக்கைப் பார்க்கவில்லை.

"அப்ப நீங்க என்கிட்ட சொல்லவே இல்லையா? தூண் விஷயம் தெரிஞ்சும்?"

"சொல்லல."

மறுபடியும் சிவப்பு. அதிகாரி கையை நீட்டி விளக்கை அணைத்தார்.

"ஊருக்குப் போகலாம்னு சும்மா அடுக்கி வெச்சிருப்பே," என்றேன்.

தாரிணி என் முகத்தில் காறித் துப்பினாள். பிறகு அந்தப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே போனாள். நான் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

போலீஸ்காரப் பெண் என் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள். வராந்தாவில் நிர்மல் காத்திருந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது, உண்மையிலேயே வருத்தப்பட்டுத்தான் வந்திருந்தான்.

"அக்கா, இவ்ளோத்தையும் வெச்சுக்கிட்டு எப்படிக்கா உள்ள இருப்பீங்க? மேல பேசிட்டேன். நாளைக்கு ஒரு சிட்டிங் போட்டு உங்களுது மொத்தத்தையும் எடுத்துடலாம். ஸ்டாஃபுக்கு ஃப்ரீதான். புதுசா ஒரு பொண்ணு சேர்ந்திருக்கு, வாங்கிக்கறேன்னு சொல்லிடுச்சு."

நான் குனிந்து செருப்பைக் கழற்றினேன்.